பச்சை வண்டி நின்ற இடம்

தோர்கிலின் பச்சை வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே தோர்கில் இருக்க மாட்டான். எங்கள் தீவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வண்டி துறைமுகத்தில் நின்றால் அவன் வடக்குக் கரையில் இருப்பான். வடக்குக் கரையில் நின்றால் வேறு எங்கே வேண்டுமானாலும் இருப்பான், அங்கே மட்டும் இருக்க மாட்டான். வண்டியை ஓரிடத்தில் போட்டுவிட்டு, தூண்டில் கம்பை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயலுக்குள் திருடன் மாதிரி குனிந்து ஓடி வேறொரு கரைக்குப் போகிற மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் தங்கை ஆஸ்தா அவனைத்தான் கட்டிக்கொண்டாள்.

என் பெயர் ரிக்மோர். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் லில்லவீக் துறைமுகத்தில், படகுச் சங்கத்துக் கட்டடத்தில் இந்தத் தூண்டில்காரர்கள் கூடும்போது அவர்களுக்குப் பட்டாணி சூப் வைப்பவள் நான்தான். இலையுதிர் காலத்தில் கடல் ட்ரவுட் மீன்கள் ஆற்றுக்குள் ஏறப்போகும் முன்னால் கரையோரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்காக இவர்கள் இடுப்பளவு குளிர்ந்த நீரில் நாள் முழுக்க நின்று, இறகையும் முடியையும் வைத்துத் தாங்களே கட்டிய பொய் இறாலை வீசிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைத்த மீன் நிறம் மாறிப் பழுப்பாக இருந்தால், அது முட்டையிடப் போகிற மீன். அதைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். வெள்ளிபோல் இருந்தால் ஒன்று மட்டும் வைத்துக்கொள்வார்கள். பிறகு சாயங்காலம் சூப்பும் சாராயமுமாக உட்கார்ந்து பொய் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

எல்லாவற்றிலும் பொய் கிடையாது. மீனின் நீளத்தில் விரற்கடை கூட்டிச் சொன்னால் அப்புறம் சங்கத்தில் யார் முகத்திலும் முழிக்க முடியாது. இடத்தைப் பற்றி மட்டும்தான் பொய். அது அவர்களுக்குள் மரியாதை மாதிரி. "எங்கப்பா புடிச்ச?" என்று கேட்டால், "மீனோட வாயிலதான்" என்று பதில் வரும். மீனோடு படம் எடுக்கும்போது பின்னால் கரையின் வளைவு தெரிந்துவிடக் கூடாது என்று இன்னொருவன் சட்டையைக் கழற்றி விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். வளர்ந்த ஆண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

இதில் தோர்கில்தான் எல்லோருக்கும் மேலே. வேலை என்னவோ தபால்காரன். ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு தபாலைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை. கதவில் பெயரே இல்லாத வீட்டுக்கும் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் பாதி வழியில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவான். அப்படிப்பட்டவன் தண்ணீரில் இறங்குகிற ரப்பர் கால்சட்டையை மாட்டினால் போதும், ஆளே மாறிவிடுவான். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவனுக்கு அவ்வளவு மீன் கிடைக்கிறது என்று ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டது. கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது.

ஆஸ்தாவிடம் நான் கேட்டிருக்கிறேன். "உனக்குக்கூடவா சொல்ல மாட்டேங்கிறான்? வெக்கமா இல்ல?"

"எனக்கு ஓட்டை வாய், ரிக்மோர். ரொட்டிக்கடையில நின்னா எல்லாத்தையும் கொட்டிருவேன்னு அவனுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறான், சரின்னுட்டு நான் கேக் செய்றேன்" என்று சிரித்தாள். கூடுகைக்கு அவள் செய்கிற கேக் பேர்போனது. மேலே தேங்காய்த் துருவலையும் பழுப்புச் சர்க்கரையையும் காய்ச்சி ஊற்றி, விளிம்பு மொறுமொறுவென்று இருக்கும். தோர்கிலின் பொய்யை அவள் மழையைப் போல எடுத்துக்கொண்டாள். பெய்தால் பெய்யட்டும், குடை இருக்கிறது என்பது மாதிரி.

அவனை வெளியே இழுக்க மற்றவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பாலெ என்று ஒருவன் இருக்கிறான். பேருந்து ஓட்டியவன், நாக்கு முழுக்கக் குறும்பு. ஒரு வருஷம் துறைமுகத்து மேடையில் ஏறி நின்று, "தோர்கில்! உன் வீட்டுல தண்ணிக் குழா வெடிச்சிருச்சு! சாமானெல்லாம் மிதக்குது!" என்று தொண்டை கிழியக் கத்தினான். எந்தப் பக்கத்திலிருந்து தலை முளைக்கிறது என்று பார்க்க மற்றவர்கள் தூரக் கண்ணாடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு தலையும் முளைக்கவில்லை. சாயங்காலம் இரண்டு மீனோடு வந்த தோர்கில், "மிதக்கட்டும்னு விட்டுட்டேன். தரை கழுவி ரொம்ப நாளாச்சு" என்றான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சங்கத்துக் கூரையே போயிருக்கும். ஆஸ்தாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

போன வருஷம் கூடுகையின் சனிக்கிழமை அன்று, கேக்கை வாங்கிப் போக ஆஸ்தாவின் வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. தோர்கில் எங்கே என்று கேட்டாள். ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டி வரவேண்டும். பக்கத்து வீட்டுக்காரியை அவளோடு உட்கார வைத்துவிட்டு நான் துறைமுகத்துக்கு ஓட்டினேன். அவன் ஆஸ்தாவிடம் சொல்லிவிட்டுப் போன இடத்தில், வலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் பச்சை வண்டி நின்றது. நின்றதே என்று எனக்கு உயிரே வந்தது. அவன் எண்ணுக்கு அழைத்தேன். பூட்டிய வண்டிக்குள்ளிருந்து மணி அடித்தது.

மேடையில் ஏறிக் கத்தினேன். வடக்கே பார்த்துக் கத்தினேன், விரிகுடாவைப் பார்த்துக் கத்தினேன். தண்ணீரும் நீர்க்காக்கையும்தான் இருந்தன. தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தபோது அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடவே போனேன். போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். இருட்டுகிற நேரத்தில் தோர்கில் இரண்டு வெள்ளி மீன்களோடு சங்கத்துக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தானாம். நான் பார்க்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் என் தங்கையின் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இனி இந்தக் கூட்டத்துக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இந்த அக்டோபரில் தோர்கிலே வாசலில் வந்து நின்றான். அடுத்த மாதம் மகள் லோனாவோடு இருக்க ஆர்ஹூஸ் நகரத்துக்குப் போய்விடப் போகிறான். மூன்றாம் மாடி வீடு, ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்தான் தெரியும். "இது எனக்குக் கடைசிக் கூடுகை. சூப் நீ வைக்கலன்னா யாரும் வர மாட்டாங்க. எல்லாரும் வரணும், ரிக்மோர். எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றான். ஆள் பாதியாகியிருந்தான். சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நின்றது. சரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எல்லோரும் ரொட்டியும் பாலாடைக் கட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது அவன் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் புடிக்கிற எடம் பன்றிமூக்கு முனை. மேட்டுல வண்டிய விட்டுட்டு ஒத்தையடிப் பாதையில எறங்கணும். பெரிய கல்லு ஒண்ணு இருக்கும். அதுக்கு இடப்பக்கம் மணல்திட்டு. திட்டுக்கும் பாசிக்கும் நடுவுல வீசணும். இத்தன வருஷமும் அங்கதான்."

பாலெ மேசையில் ஓங்கி அடித்தான். "அட, பன்றிமூக்காம்யா! அங்க நண்டுதான்டா மாட்டும்!"

"அப்போ மேற்குக் கரை" என்றான் செயலாளர் ஹென்னிங், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "அவன் கிழக்குன்னு வாயத் தொறந்தா மேற்குன்னு அர்த்தம்."

"இல்லப்பா, நெசமா சொல்றேன். வண்டிய அங்கயே விடறேன், ரோட்டுலருந்தே தெரியும். வாங்க. கேக் செஞ்சிருக்கேன்."

"கேக்கு வேற! கிழவன் இந்தத் தடவ அலங்காரமெல்லாம் பண்ணிப் பொய் சொல்றான்டா!"

சிரிப்பு அடங்கவே இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் மறுபடியும் பழையபடி விளையாட வந்துவிட்டான் என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஹென்னிங் அவன் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான். தோர்கிலின் காது மட்டும் சிவந்து போயிருந்தது. நான் பட்டாணியைக் கிளறிக்கொண்டே பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

மதியத்துக்கு மேல் பாலெயும் ஹென்னிங்கும் கை விறைத்துப் போய்த் திரும்பி வந்தார்கள்.

"வண்டி பன்றிமூக்கு மேட்டுலதான் நிக்குது, ரிக்மோர்! சொன்ன எடத்துலயே!" பாலெக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது.

"நின்னு பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? வண்டி அங்க நிக்குதுன்னா ஆளு அங்க இல்ல. ஹார்ன் அடிச்சிட்டு வந்துட்டோம். எங்க சுத்தியும் ஆளு கண்ணுல படல, பய எங்கயோ உக்காந்து நம்மளப் பாத்துச் சிரிச்சிட்டிருக்கான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் அங்கே இல்லையென்றால், ஆஸ்தா செத்தும் இவன் திருந்தவில்லை என்று அர்த்தம். அப்படியானால் இந்தச் சட்டியிலிருந்து அவனுக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது, ஆர்ஹூஸுக்கு வழியனுப்பவும் போக மாட்டேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, "பாத்துக்கோ, அடி புடிச்சிரும்" என்று பாலெயிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மேட்டில் பச்சை வண்டி நின்றது. பாதை சேறாக இருந்தது. முள்ளுச்செடியில் பாவாடை மாட்டிக் கிழிந்தது. அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

அவன் இருந்தான். பெரிய கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். தூண்டில் கம்பு உறையைவிட்டு வெளியே வரவே இல்லை. பக்கத்தில் தட்டையான பாறையில் கேக் டின் திறந்திருந்தது. காகிதத் தட்டுகளைச் சுற்றிலும் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தான். அந்த முகத்தை நான் அவன் கல்யாணத்தன்றுதான் பார்த்திருக்கிறேன். நான் என்று தெரிந்ததும் மெல்ல உட்கார்ந்தான்.

"நீயா."

"நான்தான். வேற யாரு வருவா?"

"எல்லா வண்டியும் மேட்டுல மெதுவாச்சு. ஹார்ன் அடிச்சாங்க. எறங்குவாங்கன்னு நெனச்சேன்." பிளாஸ்கைத் திறந்து எனக்கும் தனக்கும் காபி ஊற்றினான். பாதி ரப்பர் கால்சட்டையில் கொட்டியது. "கேக் சாப்புடு. ஆஸ்தா செய்ற மாதிரி வரல."

வரவில்லைதான். அடி கருகியிருந்தது, தேங்காய் கல்லாக இருந்தது. ஆனாலும் மென்றேன். மென்றுகொண்டே தண்ணீரைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் லில்லவீக் துறைமுகம் முழுசாகத் தெரிந்தது. வலைக் கொட்டகை, சங்கத்தின் வெள்ளைச் சுவர், மேடை. மேடையில் யாராவது நின்றால் சட்டையின் நிறத்தைக்கூடச் சொல்லிவிடலாம்.

கேக் துண்டை டின்னிலேயே திரும்ப வைத்தேன்.

"அன்னைக்கு இங்கதான் இருந்தியா?"

"இந்தக் கல்லுகிட்டதான்."

"நான் கத்தினேனே, தோர்கில்."

அவன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டுச்சு" என்றான்.

காற்று அடித்து ஒரு தட்டு கூழாங்கல்லோடு புரண்டது. நான் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

"உன் குரல்னு தெரிஞ்சுது. உன்னப் பாக்கவும் செஞ்சேன். பாலெதான் உன்ன ஏத்திவிட்டிருக்கான்னு நெனச்சேன். இந்த வருஷம் ரிக்மோர வெச்சு ஆடறானுங்கன்னு. எந்திரிச்சா எடம் தெரிஞ்சிரும். அதனால கல்லுக்குப் பின்னால குனிஞ்சு உக்காந்தேன்." கோப்பையைப் பாறையில் வைத்தான். "சிரிச்சேன், ரிக்மோர். நல்லா நடிக்கிறாளேன்னு சிரிச்சேன்."

அவனை அடித்திருப்பேன். கையில் சூடான கோப்பை இருந்தது, அதை அவன் முகத்தில் ஊற்றியிருப்பேன். ஆஸ்தா கேட்ட ஒவ்வொரு தடவையும் என் காதில் திரும்பக் கேட்டது.

"அவ கேட்டுக்கிட்டே இருந்தா. வந்துட்டிருக்கான், பாலத்துகிட்ட வந்துட்டான்னு சொன்னேன். என் தங்கச்சிகிட்ட நான் பொய்யே சொன்னதில்ல. கடைசியில என்னையும் சொல்ல வெச்சிட்ட."

"தெரியும்" என்றான். "அதான் இந்த எடத்த எல்லாருக்கும் சொல்லிடணும்னு நெனச்சேன். எல்லாரும் வந்து மிதிச்சு, இது யாரோட எடமும் இல்லன்னு ஆயிட்டா, நான் நிம்மதியா லோனா வீட்டுக்குப் போயிடலாம்னு. ஒருத்தன்கூட நம்பல. நெசத்த எப்படிச் சொல்றதுன்னே தெரியல எனக்கு."

அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவனோடு சேர்ந்து அழ எனக்கு இஷ்டமில்லை. திரும்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கரையிலிருந்து குரல் வந்தது. மேடையில் பாலெ, கையில் என் நீளக் கரண்டியோடு நின்றான். "ரிக்மோ...ர்! அம்மா தாயே! சூப்பு அடி புடிச்சிருச்சு!" மேற்குக் காற்று ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கொண்டுவந்தது. என் குரலும் அன்றைக்கு இவனுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும்.

தோர்கில் கல்லின் மேல் ஏறி நின்றான். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான். "இங்க! இங்க இருக்கேன்!"

பாலெ வேறு திசையில் பார்த்து மறுபடியும் என் பெயரைக் கூப்பிட்டான்.

"இங்க! பன்றிமூக்கு! இங்கதான் இருக்கேன்!" குரல் உடைந்தது. மறுபடியும் கத்தினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பாலெ தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான். போன பிறகும் இவன் நிறுத்தவில்லை.

"காத்து எதிர்ல அடிக்குது. எறங்கு. கேக்காது" என்றேன்.

இறங்கினான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "அன்னைக்கும் மேற்குக் காத்துதான்" என்றான் மெதுவாக. என்னை நிமிர்ந்து பார்த்தான். என்னிடமிருந்து அவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று தெரிந்தது. "அப்போ நான் பதில் குடுத்திருந்தாலும் உனக்கு..."

"கேட்டிருக்காது."

அவன் முகம் ஒரு நொடி தளர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆஸ்தாவாக இருந்தால் விட்டிருப்பாள்.

"நீ நடந்து வந்திருக்கணும்" என்றேன். "நட."

மேட்டில் இருந்த வண்டிகளை விட்டுவிட்டுக் கரையோரமாகவே துறைமுகத்துக்கு நடந்தோம். நான் கேக் டின்னைத் தூக்கிக்கொண்டேன். அவன் முன்னால் போனான், ரப்பர் கால்சட்டை உரசி உரசிச் சத்தம் போட்டது. இந்தக் கரையில் அவன் ஒரு தடவைகூட நேராக நடந்ததில்லை. யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று எப்போதும் வயலைச் சுற்றித்தான் வருவான், போவான். பாதி மதியம் அதிலேயே போய்விடும். இப்போது கூழாங்கல்லும் காய்ந்த பாசியும்தான் வழி. ஓரிடத்தில் சின்ன ஓடை வந்தது, தாண்டினோம். அவ்வளவுதான். நான் கேக்கின் கருகிய துண்டை மென்று முடிப்பதற்குள் மேடைப் படிக்கட்டு வந்துவிட்டது.

பாலெ கதவருகே நின்றிருந்தான். "வாய்யா வேடிக்கைக்காரா! எங்கதான் ஒளிஞ்சிருந்த?"

"பன்றிமூக்குல."

பாலெ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே போய் ஹென்னிங்கிடம் சொன்னான், அங்கேயும் சிரிப்பு வெடித்தது. தோர்கில் அதைக் காதில் வாங்கவில்லை. மேடையில், நான் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். பெரிய கல் தெரிந்தது. அதன் மேல் அவன் மறந்துவிட்டு வந்த பிளாஸ்க்கூடத் தெரிந்தது.

"இவ்வளவுதானா தூரம், ரிக்மோர்?"

"இவ்வளவுதான்."